பூமியின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிப் பாடநூலில் பூமியை மாம்பழம்போல் ஒரு கீற்று வெட்டி எடுத்துக் காட்டும் படம் எல்லோருக்கும் நினைவிருக்கும். மேலே மெல்லிய பழுப்புத் தோல், அதன் கீழே தகதகக்கும் சிவப்பு, நடுவில் மஞ்சள் உருண்டை. அந்தப் படத்தில் அடுக்குகளின் வரிசை சரி, நிறம்தான் குழப்பிவிடுகிறது. கீழே உள்ள கேள்விகளில் பல அந்தச் சிவப்பு வண்ணத்தால் கிளம்பியவை.

மொத்தம் எத்தனை அடுக்குகள்?

பரீட்சைக்கு மூன்று: மேலோடு, கவசம், கரு. கருவை வெளிக்கரு, உட்கரு என்று பிரித்தால் நான்கு. கவசத்தைச் சிலர் மூடகம் என்பார்கள், மேன்டில் என்றே எழுதுவோரும் உண்டு.

தரையிலிருந்து மையம் வரை 6,371 கி.மீ. மேலோடு கடலுக்கு அடியில் ஏறக்குறைய 7 கி.மீ. தடிமன், கண்டங்களில் சராசரியாக 35 முதல் 40, திபெத்துக்கு அடியில் 70 வரை போகிறது. அதன் கீழ் 2,890 கி.மீ. ஆழம் வரை கவசம். 5,150 கி.மீ. வரை திரவ வெளிக்கரு. மிச்சமிருப்பது 1,220 கி.மீ. ஆரமுள்ள திட உருண்டை. பருமனில் 84 சதவீதம் கவசம்தான். மேலோடு ஒரு சதவீதம்கூட இல்லை. நாம் வெட்டிய கிணறு, தோண்டிய சுரங்கம் எல்லாம் அந்த ஒரு சதவீதத்துக்குள் அடக்கம்.

யாரும் போய்ப் பார்க்கவில்லையே, இதெல்லாம் எப்படித் தெரியும்?

மண்பானை வாங்கும்போது விரலால் சுண்டிப் பார்த்து, கீறல் விழுந்த பானையை ஓசையிலேயே கண்டுபிடித்துவிடுகிறோம். பூமியைச் சுண்டுவது நிலநடுக்கம். கேட்கும் காது, நிலநடுக்கமானி.

அதற்கும் முன்பே ஒரு துப்பு கிடைத்திருந்தது. 1798இல் ஹென்றி கேவண்டிஷ் ஈயக் குண்டுகளுக்கு இடையிலுள்ள ஈர்ப்பை அளந்து, பூமி தண்ணீரைப்போல் ஏறக்குறைய ஐந்தரை மடங்கு அடர்த்தி கொண்டது என்று கணக்கிட்டார். நம் காலடியில் கிடக்கும் பாறையோ 2.7 மடங்குதான். மேலே லேசான சரக்கு இருந்தும் சராசரி இவ்வளவு வருகிறதென்றால், உள்ளே மிகக் கனமான ஏதோ ஒன்று ஒளிந்திருக்க வேண்டும். இரும்பு என்ற ஊகம் பிறகு வலுத்தது. வானத்திலிருந்து விழும் விண்கற்களில் சில இரும்பும் நிக்கலுமாக இருப்பதும் அதற்குத் துணை நின்றது.

அடுத்த கதை நம் நாட்டில் தொடங்குகிறது. 1897 ஜூன் 12 அன்று அசாமையும் ஷில்லாங்கையும் புரட்டிப்போட்ட பெரும் நிலநடுக்கத்தை ஆராய்ந்தவர், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ரிச்சர்ட் டிக்ஸன் ஓல்டாம். தொலைதூரக் கருவிகளில் பதிவான கோடுகளில் மூன்று வகை அலைகள் தனித்தனியே வந்து சேர்வதை அவர் பிரித்துக் காட்டினார். முதலில் வருவது பி அலை. சரக்கு ரயிலில் எஞ்சின் ஒரு தள்ளுத் தள்ளினால் பெட்டிக்குப் பெட்டி இடி கடந்து போகுமே, அதுபோல அமுக்கி அமுக்கிப் போவது. அடுத்தது எஸ் அலை: கயிற்றின் ஒரு முனையை உதறினால் பாம்புபோல் நெளிந்து ஓடுவது. மூன்றாவது தரைமட்டத்தோடு மட்டும் தவழ்ந்து வருவது.

எஸ் அலையின் குணம் ஒன்றுதான் எல்லாவற்றுக்கும் சாவி. அது திரவத்துக்குள் போகாது. தண்ணீரை அமுக்கலாம், கயிறுபோல் உதற முடியாது. நிலநடுக்கம் நடந்த இடத்திலிருந்து பூமியின் வளைவில் 104 டிகிரிக்கு அப்பாலுள்ள நிலையங்களுக்கு எஸ் அலை நேராக வந்து சேர்வதே இல்லை. நடுவில் ஏதோ மறிக்கிறது. கரு என்று ஒன்று இருப்பதற்கான ஆதாரத்தை 1906இல் ஓல்டாம் முன்வைத்தார். அதன் எல்லை ஏறக்குறைய 2,900 கி.மீ. ஆழத்தில் என்று 1910களில் பெனோ குட்டன்பெர்க் கணக்கிட்டார்; அது திரவம்தான் என்று 1926இல் ஹெரால்ட் ஜெஃப்ரீஸ் காட்டினார். மேலோட்டின் அடிவிளிம்பைக் கண்டவர் குரோவேஷியாவின் ஆந்திரியா மொகோரோவிச்சிச். 1909 அக்டோபர் 8 அன்று ஸாக்ரெப் அருகே நடந்த நடுக்கத்தில், சில அலைகள் எதிர்பார்த்ததைவிட முன்னதாகவே வந்துவிட்டன. ஆழத்தில் ஒரு வேகப் பாதையைப் பிடித்து ஓடி வந்திருக்கின்றன என்று அவர் புரிந்துகொண்டார். வாயில் நுழையாத அவர் பெயரைச் சுருக்கி அந்த எல்லையை ‘மோஹோ’ என்கிறோம்.

2004 டிசம்பர் 26 நமக்கு வேறொரு காரணத்துக்காக மறக்காது. அன்றைய சுமத்ரா நிலநடுக்கத்துக்குப் பிறகு பூமி முழுவதும் கோயில் மணிபோல வாரக்கணக்கில் அதிர்ந்துகொண்டிருந்தது. ஓர் அதிர்வில், ஏறக்குறைய இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, மூச்சு வாங்குவதுபோல் மொத்தக் கோளமும் இம்மியளவு விரிந்து சுருங்கியது. நம்மால் உணர முடியாது; கருவிகள் பதிந்துவைத்தன. பூமியின் உட்கட்டமைப்பைச் சோதிக்க அதைவிடப் பெரிய சுண்டல் அதற்கு முந்தைய நாற்பது ஆண்டுகளில் கிடைத்ததில்லை.

இதுவரை எவ்வளவு ஆழம் தோண்டியிருக்கிறார்கள்?

ரஷ்யாவின் வடமேற்கு மூலையில், நார்வே எல்லைக்குப் பக்கத்தில், கோலா தீபகற்பத்தில் 1970 மே மாதம் துளையிடத் தொடங்கினார்கள். 1989இல் 12,262 மீட்டரைத் தொட்டார்கள். துளையின் அகலம் ஒரு சாண்தான். அந்த ஆழத்தில் 100 டிகிரி வெப்பம் இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள், இருந்தது 180. சூட்டில் பாறை இளகி, துரப்பணத்தை வெளியே எடுத்தால் துளை தானாக மூடிக்கொள்ளப் பார்த்தது. அத்தோடு நின்றது. பூமியைத் தேங்காயாக நினைத்தால், மட்டையின் மேல் ஊசியால் இழுத்த கீறல் அது.

கடலடியில் மேலோடு மெல்லியதுதானே, அங்கே துளைத்தால் என்ன என்று அமெரிக்கர்கள் 1961இல் மெக்சிகோவின் குவாடலூப் தீவருகே முயன்றார்கள். கடல்தரைக்குக் கீழே 183 மீட்டர் போனார்கள். 1966இல் பணம் நின்றது, திட்டமும் நின்றது. 2023இல் நடு அட்லாண்டிக்கில், கவசப் பாறையே கடல்தரைக்கு ஏறி வந்திருக்கும் ஓரிடத்தில் 1,268 மீட்டர் துளைத்து மாதிரி எடுத்தார்கள். அது நாம் அதன் வீட்டுக்குப் போனதல்ல. அது நம் வாசலுக்கு வந்திருந்தபோது பார்த்தது.

மனிதர் இறங்கிய ஆழம் என்றால், நமக்குப் பக்கத்திலிருக்கும் கோலார் தங்கவயலைச் சொல்லாமல் விட முடியாது. வட ஆற்காட்டுப் பக்கமிருந்து போன தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கிய அந்தச் சுரங்கங்களில், சாம்பியன் ரீஃப் 3.2 கி.மீ. ஆழம் போனது. 2001இல் மூடிவிட்டார்கள். பொதுவாகக் கண்டங்களில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 25 முதல் 30 டிகிரி சூடு கூடும். அந்தக் கணக்கு அவர்களுக்குப் பாடநூலில் படித்த செய்தி அல்ல, வேலைநேர வியர்வை.

மேலோட்டுக்குக் கீழே எல்லாம் கொதிக்கும் குழம்புதானே?

இல்லை. எல்லோரும் தவறாக நினைப்பது இதைத்தான்.

கவசம் திடப்பாறை. எஸ் அலை அதன் 2,890 கி.மீ. ஆழத்தையும் தாராளமாகக் கடந்து போகிறது. அது குழம்பாக இருந்தால் போகவே முடியாது. நாம் மிதப்பது நெருப்புக் கடல்மீது அல்ல, சூடான பாறைமீது.

நிறத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மேல்கவசத்தின் முக்கியக் கனிமம் ஆலிவின். தெளிவான துண்டுகள் கிடைத்தால் பெரிடாட் என்று மோதிரத்தில் பதிப்பார்கள். மாவடு மாதிரி வெளிர்பச்சை. ஆறவைத்துப் பார்த்தால் கவசத்தின் மேற்பகுதி பச்சை. ஆனால் பச்சை அடித்தால் சூடு தெரியாதே என்று ஓவியர்கள் சிவப்பைத் தொட்டிருக்க வேண்டும். படம் பார்த்தவர்கள் பாறையைக் குழம்பாக்கிவிட்டார்கள்.

திடப்பாறை என்றால் கண்டங்கள் எப்படி நகர்கின்றன?

புத்தகங்கள் அடுக்கிய மரப்பலகை பத்து வருடத்தில் நடுவே தொய்ந்துவிடும். அது உடையவில்லை, உருகவும் இல்லை. மெல்ல மெல்ல இணங்கிவிட்டது. உருகுநிலைக்கு நெருக்கமான சூட்டில், பெரும் அழுத்தத்தில், கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடைத்தால் பாறையும் அப்படித்தான். நொடிக்கணக்கில் அதிரும் நிலநடுக்க அலைக்கு அது இரும்புபோல் விறைப்பு. கோடி ஆண்டுக் கணக்கில் பாகுபோல் ஓட்டம். அடியில் சூடேறியது மேலே வருகிறது, மேலே ஆறியது கீழே அமிழ்கிறது. வேகம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர். இந்தியாவைச் சுமந்திருக்கும் புவித்தட்டு ஆண்டுக்கு ஏறக்குறைய 5 செ.மீ. வடக்கே நகர்கிறது, நகம் வளரும் வேகத்தைவிடக் கொஞ்சம்தான் கூட.

அப்படியானால் எரிமலைக் குழம்பு எங்கிருந்து வருகிறது?

அந்தந்த இடத்தில் புதிதாக உருகி வருகிறது. எங்கும் தேங்கிக் கிடந்ததல்ல. குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். மூடியிருக்கும்போது நூறு டிகிரி தாண்டியும் உள்ளே தண்ணீர் அடங்கிக் கிடக்கும்; அவசரப்பட்டு மூடியைத் திறந்தால் பொங்கிச் சீறும். சூடு ஏறவில்லை, அழுத்தம்தான் இறங்கியது. கடல் நடுவே தட்டுகள் விலகும் இடங்களில் கவசப் பாறை மேலேறி வரும்போது அழுத்தம் குறைந்து, அதில் ஒரு சிறு பங்கு உருகுகிறது. இந்தோனேசியாவில் காரணம் வேறு: அமிழும் கடல்தட்டு தன்னோடு கொண்டுபோகும் நீர், மேலுள்ள பாறையின் உருகுநிலையைக் குறைத்துவிடுகிறது. ஹவாயில் ஆழத்திலிருந்து தனியாக ஒரு சூட்டுத் தூண் எழும்பி வருகிறது. ரீயூனியன் தீவின் கீழுள்ள அப்படியொரு தூண்தான் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தின் எரிமலைப் பாறைகளைக் கொட்டியது என்பது பரவலான கருத்து.

மேலோடும் புவித்தட்டும் ஒன்றுதானா?

இல்லை. தட்டு என்பது மேலோடும் அதனோடு ஒட்டிக்கொண்டிருக்கும் கவசத்தின் விறைத்த மேற்பகுதியும் சேர்ந்தது. அதற்குப் பாறைக்கோளம் என்று பெயர்; பல இடங்களில் 100 கி.மீ. தடிமன். மேலோடு, கவசம் என்பது சரக்கை வைத்துப் பிரித்தது. பாறைக்கோளம், அதன் கீழுள்ள மென்கோளம் என்பது விறைப்பை வைத்துப் பிரித்தது. இரண்டு கணக்கையும் ஒரே படத்தில் போட்டுக் குழப்புவது பாடநூல்களின் வழக்கம்.

சியால், சிமா, நைஃப் என்று படித்தோமே?

சிலிக்காவும் அலுமினியமும், சிலிக்காவும் மெக்னீசியமும், நிக்கலும் இரும்பும் என்ற பொருளில் வைத்த பழைய பெயர்கள். மனப்பாடத்துக்கு உதவும். ஆய்வாளர்கள் இப்போது அவற்றைப் பயன்படுத்துவதில்லை.

பூமிக்கு அடியில் பெருங்கடல் இருக்கிறதாமே?

வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றும் செய்தி. நடந்தது இது: பிரேசிலின் ஜுயினாவில் கிடைத்த ஒரு வைரத்துக்குள் ரிங்வுடைட் என்ற கனிமத்தின் துணுக்கு இருந்ததாக 2014இல் அறிவித்தார்கள். அது 410 முதல் 660 கி.மீ. வரையிலான இடைப்பகுதியில் உருவாவது. அதன் எடையில் ஒரு சதவீதத்துக்கும் மேல் நீர். ஆனால் அந்த நீர் ஓடுவதோ தேங்குவதோ இல்லை. படிகத்தின் அணுக்கட்டுக்குள்ளேயே பிணைந்திருக்கிறது. அந்தப் பகுதி முழுவதும் அப்படியே இருந்தால் மொத்தத்தில் கடலளவு நீர் வரும் என்று கணக்குப் போட்டார்கள். தலைப்புச் செய்தியில் அது அலையடிக்கும் கடலாகிவிட்டது.

நடுவில் திட உருண்டை இருக்கிறது என்று கண்டுபிடித்தது யார்?

இங்கெ லேமன் (Inge Lehmann) என்ற டென்மார்க்கு நிலநடுக்க ஆய்வாளர். 1929 ஜூனில் நியூசிலாந்தின் மர்ச்சிசன் அருகே பெரிய நடுக்கம். கரு முழுக்கத் திரவம் என்றால் பி அலை விழவே கூடாத நிழல் பகுதி ஒன்று உண்டு. அங்கே இருந்த ரஷ்ய நிலையங்களான சுவெர்த்லோவ்ஸ்கிலும் இர்குத்ஸ்கிலும் மெல்லிய அலைகள் பதிவாகியிருந்தன. மற்றவர்கள் கருவின் விளிம்பில் வளைந்து வந்த அலை என்று ஒதுக்கினார்கள். லேமன் ஒதுக்கவில்லை. கணினி இல்லாத காலம். ஓட்ஸ் டப்பாக்களில் அட்டைகளை அடுக்கி, ஒவ்வொரு நிலையத்தின் நேரத்தையும் குறித்து வைத்துக் கணக்குப் பார்த்தார் என்பார்கள். திரவத்துக்கு நடுவே இன்னொரு கரு இருந்தால்தான், அதில் பட்டுத் திரும்பிய அலைகள் நிழலுக்குள் விழ முடியும் என்று 1936இல் எழுதினார். கட்டுரையின் தலைப்பு பி என்ற ஓர் எழுத்தும் அதன் தோளில் ஒரு சிறு கோடும், அவ்வளவுதான். அது திடம் என்பது பின்னால் உறுதியானது. லேமன் 104 வயது வரை வாழ்ந்தார்.

வெளிக்கருவைவிட உட்கரு சூடு அதிகம். வெளியே உருகியிருக்க, உள்ளே எப்படி உறைந்தது?

மீண்டும் அழுத்தம்தான். மையத்தில் வளிமண்டல அழுத்தத்தைப்போல் 36 லட்சம் மடங்கு. சூடு 5,000 டிகிரிக்கு மேல். சூரியனின் மேற்பரப்புக்கு ஏறக்குறைய சமம். ஆழம் போகப் போகச் சூடு ஏறுவதைவிட இரும்பின் உருகுநிலை வேகமாக ஏறுகிறது. 5,150 கி.மீ.யில் உருகுநிலை முந்திவிடுகிறது, இரும்பு உறைகிறது. பூமி மெல்ல ஆறி வருவதால் உட்கரு இன்றும் வளர்கிறது. அப்படி உறையும்போது கழன்றுவிடும் லேசான தனிமங்களும் வெப்பமும் வெளிக்கருவின் திரவ இரும்பைக் கலக்கிக்கொண்டே இருக்கின்றன. அந்தக் கலக்கம்தான் நம் காந்தப்புலம். திசைகாட்டியின் முள்ளைத் திருப்புவது 2,900 கி.மீ. கீழே ஓடும் இரும்பு. அந்தப் புலத்தின் நடுக்கோடு தெற்குக் கேரளத்தின் வழியே போனதால்தான் தும்பாவை ராக்கெட் தளமாகத் தேர்ந்தெடுத்து, 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட்டை விட்டார்கள்.

பூமியின் மையம் சுழல்வதை நிறுத்திவிட்டது என்கிறார்களே, ஆபத்தா?

நிற்கவில்லை. நம்மோடு சேர்ந்து நாளுக்கு ஒருமுறை சுழன்றுகொண்டுதான் இருக்கிறது. திரவத்துக்குள் கிடப்பதால், மேலுள்ள கவசத்தைவிட மிகச் சிறிது முந்துகிறதா பிந்துகிறதா என்பதுதான் கேள்வி. முந்துகிறது என்று 1996இல் ஓர் ஆய்வு சொன்னது. 2009 வாக்கில் முந்துவது நின்றுவிட்டது என்று 2023இல் இன்னோர் ஆய்வு சொன்னது. பக்கத்துப் பாதையில் ஓடும் பேருந்து நம் வேகத்துக்கே வந்தால் நின்றுவிட்டது மாதிரித் தோன்றுமே, அவ்வளவுதான் சேதி.

454 கோடி ஆண்டு ஆகியும் பூமி ஏன் ஆறவில்லை?

1862இல் இயற்பியலாளர் கெல்வின், பூமி உருகிய நிலையிலிருந்து ஆறிவர 2 கோடி முதல் 40 கோடி ஆண்டுகள் ஆகியிருக்கும் என்றார். கணக்கில் பிழையில்லை. உள்ளே இருக்கும் பாறை அசையாது என்று வைத்துக்கொண்டதுதான் பிழை. அவரிடம் உதவியாளராக இருந்த ஜான் பெர்ரியே 1895இல் இதைச் சுட்டிக்காட்டினார்: உள்ளே ஓட்டம் இருந்தால் அடிச்சூடு மேலே வந்துகொண்டே இருக்கும், வயது பல மடங்கு கூடும். யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு கதிரியக்கம் கண்டுபிடிக்கப்பட்டது. இன்று பூமி வெளிவிடும் வெப்பத்தில் ஏறக்குறைய பாதி யுரேனியம், தோரியம், பொட்டாசியம் சிதைவதால் வருவது; மறுபாதி பூமி பிறந்தபோது சேர்ந்த பழைய சூடு.

மையத்தில் நின்றால் எடை என்ன இருக்கும்?

சுழியம். எல்லாப் பக்கமும் சமமாக இழுக்கும். ஆனால் போகும் வழியில் எடை சீராகக் குறையாது. கவசம் முழுவதும் கிட்டத்தட்ட மாறாமல் இருந்து, கருவின் விளிம்பில் தரையில் இருப்பதைவிடச் சற்றுக் கூடி, அதன் பிறகுதான் இறங்கும்.

கன்னியாகுமரிக்குத் தெற்கே கடலில் பெரிய பள்ளம் இருப்பது உண்மையா?

உண்மை, ஆனால் கப்பலில் போனால் தெரியாது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் தெற்கே ஈர்ப்பு சற்றுக் குறைவு. அதனால் அங்கே கடல்மட்டம், பூமிக்குக் கணக்கில் வைத்திருக்கும் சீரான வடிவத்தைவிட 100 மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருக்கிறது. உலகிலேயே மிகத் தாழ்வான இடம். 1948இல் டச்சு ஆய்வாளர் வெனிங் மைனஸ் கப்பலில் ஈர்ப்பை அளந்து கண்டது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2023இல் ஒரு விளக்கம் தந்தார்கள்: இந்தியா வடக்கே வந்தபோது அமிழ்ந்துபோன டெத்திஸ் கடலின் தரை, கவசத்தின் அடி வரை இறங்கி அங்கிருந்த சூடான சரக்கைக் கலைத்துவிட, லேசான சூட்டுத் தூண்கள் மேலே எழும்பிக் கிடக்கின்றன. அடியில் கனம் குறைவு, அதனால் மேலே இழுப்பும் குறைவு.

ஆழத்துப் பாறையை நம்மால் தொட்டுப் பார்க்க முடியுமா?

சென்னைவாசிகள் மின்சார ரயில் ஏறினால் போதும். பரங்கிமலை, திரிசூலம், பல்லாவரம் குன்றுகளின் பாறை 250 கோடி ஆண்டுப் பழமையானது. மேலோட்டின் அடிப்பகுதியில், 20 கி.மீ.க்கும் கீழே, பெருஞ்சூட்டில் வெந்து உருவானது. மேலிருந்ததெல்லாம் அரித்துப் போய் அது வெளியே வந்திருக்கிறது. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குப் பதித்த கல் இங்கிருந்து போனது. அதை வைத்து 1893இல் தாமஸ் ஹாலந்து இந்தப் பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர் சூட்டினார்.

சேலத்தில் இன்னும் ஆழமான உறவு உண்டு. ஏற்காடு அடிவாரத்தில் வெள்ளைக்கல் வெட்டும் இடங்களில் அந்த வெள்ளை நரம்புகள் ஓடுவது டூனைட் என்ற பாறைக்குள். டூனைட் கிட்டத்தட்ட முழுக்க ஆலிவின், அதாவது கவசத்தின் சரக்கு. அதிலுள்ள மெக்னீசியம் பிரிந்து படிந்ததுதான் வெள்ளைக்கல். வெயில் படாத புது உடைப்பைப் பார்த்தால் பச்சைச் சாயல் தெரியும்.

பல்லாவரத்துக் கல்லுக்கு அப்படிப் பளிச்சென்ற நிறம் கிடையாது. எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும் கருநீலச் சாம்பல். நாம் அதைக் கருங்கல் என்று சொல்லி, ஜல்லியாக உடைத்து, வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டுக்கொண்டிருக்கிறோம்.